75 நாளில் ஒன்றரை கிலோ... எந்தத் தீவனத்தில்? நாட்டுக்கோழிக் குஞ்சு வாங்கும் முன் கேட்க வேண்டிய கேள்வி

திருநெல்வேலி மாவட்டத்தில் நாட்டுக்கோழிப் பண்ணை ஆரம்பிக்க விரும்பும் யாரிடமும் குஞ்சு வியாபாரி சொல்லும் கணக்கு ஒன்றுதான்: இத்தனை நாளில் இத்தனை கிலோ. நீங்களும் கேட்டிருப்பீர்கள். அந்த எடை எந்தத் தீவனத்தில் வந்தது என்று மட்டும் பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை. அம்பாசமுத்திரத்தில் வயலை ஒட்டிய வீட்டில் தவிடும் குருணையும் போட்டு வளர்க்கப் போகிறவர், மூலக்கரைப்பட்டி பக்கம் மானாவாரி நிலத்தில் மேயவிடப் போகிறவர், கொட்டகைக்குள் மூட்டைத் தீவனம் போடப் போகிறவர் என்று மூவருக்கும் ஒரே குஞ்சு, ஒரே கணக்கு. நான்கு மாதம் கழித்து மூவரும் மூன்று விதமாகப் பேசுவார்கள்.

இதை இப்போது எழுதக் காரணம் இருக்கிறது. தமிழக அரசின் நாட்டுக்கோழிப் பண்ணைத் திட்டத்தில் பயனாளிக்கு 250 குஞ்சுகளும், கொட்டகை, உபகரணங்கள், நான்கு மாதத் தீவனம் ஆகியவற்றுக்கான செலவில் 50 சதவிகித மானியமும் கிடைக்கின்றன. நல்ல திட்டம்தான். ஆனால், மானியக் கணக்கில் வரும் தீவனம் அந்த நான்கு மாதத்துக்கு மட்டுமே. அதன்பிறகு ஒவ்வொரு மூட்டையும் உங்கள் பையிலிருந்துதான். கோழி வளர்ப்பில் மொத்தச் செலவில் 65 முதல் 70 சதவிகிதம் தீவனத்துக்கே போகிறது என்பது உங்களுக்குத் தெரியும். அந்தத் தீவனத்தில் பாதிக்கு மேல் மக்காச்சோளம்.

மக்காச்சோளம் இன்று கோழிக்கு மட்டும் போகும் பொருளாக இல்லை. பெட்ரோலில் 20 சதவிகிதம் எத்தனால் கலக்கும் திட்டத்துக்காக, கரும்பை முந்திக்கொண்டு மக்காச்சோளம் ஆலைகளுக்குப் போக ஆரம்பித்தது. 2024-ல் தீவன விலை ஏறி, ஏற்றுமதி செய்துகொண்டிருந்த நாடு வெளியிலிருந்து மக்காச்சோளம் வாங்கியது. மறுபக்கம், 2025-26 பருவத்துக்கு ஆதாரவிலை குவிண்டாலுக்கு 2,400 ரூபாய் என்று அறிவித்திருந்தும், அந்த விலை கிடைக்கவில்லை என்று கர்நாடகத்தில் விவசாயிகள் வீதிக்கு வந்தார்கள். கோவில்பட்டி, சங்கரன்கோவில் கரிசலில் மக்காச்சோளம் போட்டவர்களுக்கும் இந்த ஏற்ற இறக்கம் புதிதில்லை. இப்படி ஆடும் ஒரு தானியத்தை நம்பி 250 கோழி வளர்க்கும்போது, தின்றதில் எவ்வளவு கோழியின் உடம்பில் ஒட்டுகிறது என்பதுதான் லாபத்தை முடிவு செய்யும். அது கோழியின் குடலைப் பொறுத்தது. குடல் எப்படி இருக்கும் என்பது பெருமளவு தாய் தகப்பனிடமிருந்து வருகிறது.

வளர்ச்சி ரத்தத்தில் இருக்கிறது

வளர்ச்சியில் மரபணுவின் பங்கு எவ்வளவு என்பதற்கு கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தில் நடந்த ஓர் ஆய்வைச் சொல்லலாம். 1957-ம் ஆண்டு இனத்தை அப்படியே மாற்றாமல் காப்பாற்றி வைத்திருந்தார்கள். 1978-ம் ஆண்டு இனமும் அப்படியே இருந்தது. இவற்றோடு 2005-ல் விற்பனையில் இருந்த கறிக்கோழியையும் சேர்த்து, மூன்றுக்கும் ஒரே தீவனம் கொடுத்து வளர்த்தார்கள். 56-ம் நாளில் எடை முறையே 905 கிராம், 1,808 கிராம், 4,202 கிராம். தீவனம் ஒன்றுதான் என்பதால் இந்த நான்கரை மடங்கு வித்தியாசமும் தேர்வு செய்து தேர்வு செய்து இனப்பெருக்கம் செய்ததன் பலன். 'ஊசி போட்டு வளர்க்கிறார்கள்' என்று டீக்கடையில் பேசுகிறவர்களுக்கு இதைக் காட்டுங்கள்.

அப்படித் தேர்வு செய்தபோது எது மாறியது? தசை மட்டும் மாறியிருக்கும் என்றுதான் பலரும் நினைப்பார்கள். ஆனால், முதலில் மாறியவற்றில் ஒன்று பசி. அமெரிக்காவின் வர்ஜீனியாவில் 1957-ல் பால் சீகல் என்ற விஞ்ஞானி, ஒரே வெள்ளை பிளிமத் ராக் கூட்டத்திலிருந்து 56 நாள் எடையை மட்டும் பார்த்து, எடை கூடியவற்றைத் தனியாகவும் குறைந்தவற்றைத் தனியாகவும் தலைமுறை தலைமுறையாகப் பிரித்துக்கொண்டே போனார். நாற்பது தலைமுறை தாண்டியபோது இரண்டு வரிசைக்கும் எடையில் பத்து மடங்கு அளவுக்கு வித்தியாசம் வந்துவிட்டது. கனத்த வரிசைக் கோழி தட்டில் இருப்பதையெல்லாம் தின்று தீர்க்கும். அளவு பார்த்துப் போடாவிட்டால் கொழுத்து நோயில் விழும். மெலிந்த வரிசையிலோ சில குஞ்சுகள் தீவனத்தின் நடுவே நின்றும் தின்னாமல் செத்துப்போகும்.

வயிறு நிறைந்தது என்று மூளைக்குச் சொல்ல உடம்பில் ஒரு ஹார்மோன் உண்டு. அந்தச் செய்தியை வாங்கிக்கொள்ளும் ஏற்பிக்கான மரபணு கோழியின் 4-ம் குரோமோசோமில் இருக்கிறது. ஸ்காட்லாந்தின் ராஸ்லின் ஆய்வு நிலையத்தைச் சேர்ந்த இயன் டன் குழுவினர் 2013-ல் வெளியிட்ட ஆய்வின்படி, வேகமாக வளரும் கோழிகளில் இந்த ஏற்பி குறைவாகவே உருவாகிறது. அதாவது, 'போதும்' என்ற செய்தி அவற்றுக்குச் சரியாகக் கேட்பதில்லை. காட்டுக்கோழியை வீட்டுக்கோழியாக்கிய நாள் முதல் மனிதன் தெரிந்தோ தெரியாமலோ இப்படிப்பட்டதையே தேர்ந்தெடுத்து வந்திருக்கிறான். உங்கள் சிறுவிடைக் கோழி தட்டில் பாதி தீவனத்தை விட்டுவிட்டு வேலியோரம் கிளறப் போனால் அதைச் சோம்பேறி என்று திட்டாதீர்கள். அதற்கு அந்தச் செய்தி இன்னும் தெளிவாகக் கேட்கிறது.

தின்பது வேறு, செரிப்பது வேறு

இனிமேல் சொல்லப் போவதுதான் நம் பண்ணையாளர்களுக்கு முக்கியம். ஒரு கோழி நிறையத் தின்னலாம்; தின்றதெல்லாம் செரிக்க வேண்டும் என்பதில்லை.

பிரான்சின் தேசிய வேளாண் ஆராய்ச்சி நிறுவனத்தில், நடுத்தர வேகத்தில் வளரும் ஒரு கறிக்கோழிக் கூட்டத்தை எடுத்துக்கொண்டார்கள். எடையை வைத்துத் தேர்வு செய்யாமல், தீவனத்திலுள்ள எரிசக்தியில் எவ்வளவைக் கோழி உறிஞ்சிக்கொள்கிறது என்பதை மூன்று வார வயதில் அளந்து அதை வைத்தே தேர்வு செய்தார்கள். நன்றாகச் செரிப்பவை ஒரு வரிசை, மோசமாகச் செரிப்பவை இன்னொரு வரிசை. செரிக்கக் கடினமான ஒரு கோதுமை வகையை வேண்டுமென்றே தீவனத்தில் அதிகம் சேர்த்தார்கள். எளிதில் செரிக்கும் தீவனத்தில் எல்லாக் கோழியும் நன்றாகச் செரிப்பதுபோலத்தான் தெரியும். கஷ்டமான தீவனம் கொடுத்தால்தான் குடலின் குணம் வெளியே வரும்.

எட்டுத் தலைமுறைக்குள் இரண்டு வரிசைக்கும் செரிமானத்தில் 30 சதவிகிதத்துக்கு மேல் வித்தியாசம் வந்துவிட்டது. இந்தக் குணத்தில் கோழிக்குக் கோழி தெரியும் வேறுபாட்டில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல் மரபணுவால் வருவது என்றும் கணக்கிட்டார்கள். பால் மாட்டில் பால் அளவைத் தேர்வு செய்து ஏற்றுகிறோமே, அதே அளவுக்கு இதிலும் தேர்வு வேலை செய்யும் என்று பொருள். இன்னொன்றையும் கவனியுங்கள். இரண்டு வரிசைக் கோழிகளுக்கும் எடையில் அவ்வளவு வித்தியாசம் தெரியவில்லை. மோசமாகச் செரிப்பவை கூடுதலாகத் தின்று அந்த எடையை எட்டின. தராசில் வைத்தால் இரண்டும் ஒன்று. தீவன மூட்டையைக் கணக்குப் போட்டால் வேறு. எச்சமும் அதிகம், கூளமும் ஈரம்.

இரண்டு வரிசையையும் அறுத்துப் பார்த்தபோது காரணம் கண்ணுக்கே தெரிந்தது. நன்றாகச் செரிப்பவற்றின் அரைவைப்பை பெரிதாக இருந்தது. சிறுகுடல் இலேசாக இருந்தது. மோசமாகச் செரிப்பவற்றில் இது தலைகீழ். கோழி சுத்தம் செய்யும்போது உள்ளே மஞ்சள் தோலை உரித்துக் கழுவுகிறோமே, அந்தக் கெட்டியான தசை உருண்டைதான் அரைவைப்பை. கோழிக்குப் பல் கிடையாது. பல்லின் வேலையைச் செய்வது இதுதான். தீவனம் இதில் நின்று, அரைபட்டு, அமிலத்தில் ஊறிய பிறகே சிறுகுடலுக்குப் போக வேண்டும். அரைவைப்பை சிறுத்துப்போனால் தீவனம் நிற்காமல் ஓடிவிடும். அரைபடாமல் வரும் தீவனத்தைச் சமாளிக்க சிறுகுடல் தன்னைப் பெரிதாக்கிக்கொள்ளும். குடலைப் பெரிதாக வைத்திருப்பதற்கே தீவனத்தில் ஒரு பங்கு போய்விடும் என்பதால் அதுவும் நஷ்டம்தான்.

தாமிரபரணிக் கரையில் இது எங்கே வந்து நிற்கிறது

பாபநாசம் தொடங்கி ஸ்ரீவைகுண்டம் வரை அணைக்கட்டுப் பாசனத்தில் கார், பிசானம் என இரண்டு போகம் நெல். அம்பை-16 அறுத்த வீடுகளில் கருக்காய் இருக்கும், அரவை மில்லில் குருணை கிடைக்கும், தவிடு கிடைக்கும். மக்காச்சோளத்தை விட இவை மலிவு, கைக்கெட்டும் தூரத்திலும் உள்ளன. நம் ஆட்கள் இவற்றைக் கோழிக்குப் போடுவது இயல்பு. எதில் எந்தக் கோழி தாங்கும் என்பதில்தான் பிரச்னை.

குருணை பிரச்னையே இல்லாதது. மாவுச்சத்து நிறைந்தது, நார் குறைவு, எல்லாக் கோழிக்கும் செரிக்கும். மக்காச்சோளத்துக்குப் பதிலாகப் பெரும்பங்கு இதையே சேர்க்கலாம். மஞ்சள் நிறமி மட்டும் இதில் இல்லை.

தவிடு அப்படியில்லை. நார் அதிகம், பாஸ்பரஸ் இருந்தாலும் அதில் பெரும்பகுதி பைட்டேட் என்ற கட்டில் சிக்கியிருப்பதால் கோழிக்குக் கிடைக்காது. எண்ணெய்ச் சத்து இருப்பதால் சில வாரங்களில் சிக்குவாடை வந்துவிடும். உமி கலந்த தவிடாக இருந்தால் இன்னும் மோசம். வேகமாக வளரும் குஞ்சுக்கு 10 சதவிகிதத்துக்கு மேல் தவிடு வேண்டாம் என்பதுதான் பொதுவான பரிந்துரை. வளர்ந்த நாட்டுக்கோழிக்குக் கொஞ்சம் கூட்டிக்கொள்ளலாம். ஆனால், மாட்டுக்குக் காட்டும் தாராளத்தைக் கோழிக்குக் காட்டாதீர்கள். கோழியின் குருட்டுக்குடல் நாரைப் புளிக்கவைத்துக் கொஞ்சம் சத்தெடுக்கும் என்றாலும், மாட்டின் வயிறு செய்வதில் அது ஒரு துளிகூட இல்லை.

இப்போது புதிதாக வந்திருப்பது எத்தனால் ஆலைக் கழிவு. தானியத்திலிருந்து சாராயம் வடித்தபின் மிஞ்சும் சக்கையைக் காயவைத்து, 'டிடிஜிஎஸ்' என்ற பெயரில் தீவனக் கடைகளில் விற்கிறார்கள். அரிசியிலிருந்து வருவதில் புரதம் 40 சதவிகிதத்துக்கு மேல்கூட இருக்கும், சோயாவைவிட விலை குறைவு. ஆனால், தரம் ஆலைக்கு ஆலை மாறும். மூலத் தானியத்தில் பூஞ்சை நஞ்சு இருந்தால் சாராயம் போன பிறகு அது சக்கையில் செறிந்து நிற்கும். வாங்குவதாக இருந்தால் சோதனை அறிக்கை கேளுங்கள். குஞ்சுப் பருவத்தில் போடாதீர்கள். வளர்ந்தவற்றுக்குச் சிறிதாக ஆரம்பியுங்கள்.

வேகமாக வளரத் தேர்வு செய்யப்பட்ட குஞ்சு, தன் முன்னோர்கள் தின்ற தீவனத்துக்கு ஏற்பவே குடலை வைத்திருக்கிறது. அந்த முன்னோர்கள் தலைமுறை தலைமுறையாகத் தூளாக்கிய மக்காச்சோளமும் சோயாவும் தின்றவை. அதற்குத் தவிடும் கருக்காயும் போட்டால் அதன் பசி அடங்காது, வயிறும் வேலை செய்யாது. தின்றுகொண்டே இருக்கும், எடை ஏறாது. 'குஞ்சு மோசம்' என்று வியாபாரியைத் திட்டுவோம். குஞ்சு மோசமில்லை, இடம் மாறி வந்துவிட்டது. சிறுவிடைக்கு மூட்டைத் தீவனமாகப் போட்டாலும் அதே நஷ்டம் வேறு வழியில் வரும். ஒரு கிலோ எடை ஏற நான்கு கிலோ வரை தீவனம் கேட்கும் கோழிக்குக் கிலோ 40 ரூபாய்த் தீவனம் என்றால் 160 ரூபாய் போய்விடும். குஞ்சு விலை, மருந்து, சாவு எல்லாம் அதற்கு மேல்.

அப்படியானால் எந்தக் குஞ்சு?

முதலில் பெயரைத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். 'நாட்டுக்கோழி' என்று விற்பதில் பல சரக்கு இருக்கிறது. சோனாலி என்பது ரோட் ஐலண்டு ரெட் சேவலையும் எகிப்தைச் சேர்ந்த ஃபயோமி பெட்டையையும் சேர்த்து வங்கதேசத்தில் உருவாக்கிய கலப்பு. பார்க்க நாட்டுக்கோழி போல இருக்கும். கெட்ட கோழி என்று சொல்ல மாட்டேன். ஆனால் நம் ஊர்க் கோழி இல்லை. வனராஜா, கிராமப்பிரியா ஹைதராபாத்தில் உள்ள மத்திய அரசின் கோழியின ஆராய்ச்சி நிறுவனம் தந்தவை. கிரிராஜா பெங்களூரு தந்தது. நந்தனம் கோழி நம் கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் தந்தது. இவை புறக்கடைக்கென்றே உருவாக்கியவை. மூட்டைத் தீவனமும் மேய்ச்சலும் கலந்து தருகிறவர்களுக்கு இவை பொருந்தும். முழுக்க மேய்ச்சல், வீட்டு மிச்சம், கரையான், கருக்காய் என்று போகிறவர்களுக்கு என் பரிந்துரை சிறுவிடையும் பெருவிடையும்தான். நான்கு மாதத்தில் ஒரு கிலோவைத் தொட்டாலே அதிகம். ஆனால், அந்த ஒரு கிலோவுக்கு நீங்கள் காசு கொடுத்து வாங்கிய தீவனம் குறைவு. கோயில் கொடைக் காலத்தில் சேவலுக்குக் கிடைக்கும் விலையோ கறிக்கோழிக்குக் கனவிலும் கிடைக்காது.

கலப்பினக் குஞ்சு வாங்கியவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. அவற்றின் முட்டையை அடைவைத்து அடுத்த தலைமுறை எடுத்தால், முதல் தலைமுறையின் வேகம் அப்படியே வராது. கலப்பின் வீரியம் குறைந்து, குஞ்சுகள் பல அளவில் வரும். அடை உட்காரும் குணமும் பல கலப்புகளில் மங்கியிருக்கும். சொந்தக் குஞ்சு எடுக்க நினைப்பவர் முதலிலிருந்தே உள்ளூர் இனத்தோடு போவது நல்லது.

மஞ்சள் கால் ரகசியம்

காலைப் பார்த்துக் கோழி வாங்கும் பழக்கம் நம்மிடம் உண்டு. மஞ்சள் கால் என்றால் 'ஹைபிரிட்' என்று சிலர் ஒதுக்குவார்கள். வேடிக்கை என்னவென்றால், அந்த மஞ்சளுக்கான மரபணு வந்ததே தென்னிந்தியாவிலிருந்து. வீட்டுக்கோழியின் மூதாதை சிவப்புக் காட்டுக்கோழி. ஆனால், தோலை மஞ்சளாக்கும் மரபணு மட்டும் சாம்பல் காட்டுக்கோழியிடமிருந்து கலந்தது என்று 2008-ல் ஸ்வீடன் விஞ்ஞானிகள் கண்டுபிடித்தார்கள். தாமிரபரணி பிறக்கும் பொதிகை மலையில், களக்காடு முண்டந்துறைக் காட்டில் காலையில் கூவுகிறதே, அந்தக் கோழிதான். (அதைப் பிடிக்கப் போகாதீர்கள், வனத்துறை வழக்கு வரும்.)

இதில் செரிமானத்தோடு தொடர்புடைய விஷயம் ஒன்று உள்ளது. அந்த மரபணு இருந்தாலும் மஞ்சள் தானாக வராது. மக்காச்சோளம், கீரை, புல் ஆகியவற்றிலுள்ள நிறமியைக் குடல் உறிஞ்ச வேண்டும். மஞ்சள் காலோடு வளர்ந்த கோழி திடீரென்று வெளுத்தால், தீவனத்தில் நிறமி குறைந்திருக்கலாம் அல்லது குடல் கெட்டிருக்கலாம். ரத்தக்கழிச்சல் நோயில் குடல் சுவர் புண்ணாகி உறிஞ்சும் சக்தி போவதால் கால் வெளுக்கும். தீவனத்தை மாற்றாமலே கால் வெளுத்தால் மருத்துவரைப் பாருங்கள். முட்டையிடும் பெட்டையில் மட்டும் இந்தக் கணக்கு செல்லாது. அதன் நிறமி மஞ்சள் கருவுக்குப் போய்விடும்.

மரபணுவைக் குறை சொல்லும் முன்

குடலின் குணம் பிறவியில் வருகிறது என்றேன். முழுக்க இல்லை. பொரித்த முதல் வாரத்தில் குஞ்சின் குடல் உடம்பைவிட வேகமாக வளர்கிறது. அந்த நாள்களில் தீனியும் தண்ணீரும் எவ்வளவு சீக்கிரம் கிடைக்கிறதோ அவ்வளவுக்கு நல்லது. நாமக்கல், பல்லடம் பக்கமிருந்து ஒருநாள் குஞ்சு ராத்திரி முழுக்கப் பயணம் செய்து வருகிறது. 'வயிற்றில் மஞ்சள் கரு இருக்கிறது, பசிக்காது' என்று நாளெல்லாம் போடாமல் வைப்பவர்கள் உண்டு. அந்த மஞ்சள் கரு வேகமாகக் கரைவதற்கே தீனி உள்ளே போக வேண்டும். வந்து இறங்கியவுடன் தண்ணீர், அடுத்து தீவனம்.

அரைவைப்பையும் பழக்கத்தில் வளரும் தசைதான். எப்போதும் மாவாகவே போட்டால் அதற்கு வேலை இல்லை. நான்கு வாரம் தாண்டியதும் உடைத்த சோளம், கம்பு, பிறகு முழு நெல் என்று கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்துப் பாருங்கள்; சில வாரங்களில் அரைவைப்பை திடமாகும். அடைத்து வளர்ப்பவர்கள் கூடவே பொடிக்கல்லும் வைக்க வேண்டும். ஜல்லிக் கிடங்கில் விழும் கருங்கல் துகளைச் சலித்துக் கழுவினால் போதும். அதற்காகத் தாமிரபரணியில் மணல் அள்ள இறங்க வேண்டாம், அது வேறு கதை.

குடற்புழு நீக்கம் செய்யாத கூட்டத்தில் எந்த இனமும் தேறாது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை மருந்து, காய்ந்த கூளம், வெள்ளைக்கழிச்சல் தடுப்பூசி. இவை இல்லாமல் மரபணு பற்றிப் பேசுவதில் பயனில்லை. குடலைக் காப்பாற்ற ஆன்டிபயாட்டிக்கைத் தீவனத்தில் கலக்கும் வழியும் அடைபட்டு வருகிறது. கோலிஸ்டினை 2019 ஜூலையிலேயே மத்திய அரசு கால்நடைக்குத் தடை செய்துவிட்டது. உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் கடுமையான விதிகள் 2025 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ளன. மருந்தைத் தாங்கலாக வைத்துக்கொண்டு பலவீனமான குடலோடு ஓட்டிய காலம் முடிகிறது என்பது என் கணிப்பு. இனி நல்ல குடல் உள்ள கோழிக்குத்தான் விலை.

உங்கள் கூட்டத்தில் நீங்களே தேர்வு செய்யலாம்

ஆராய்ச்சி நிலையம் செய்வதை அப்படியே பண்ணையில் செய்ய முடியாது. ஆனால், அதன் சாரத்தைச் செய்யலாம். நிபந்தனை ஒன்றே: எந்தத் தீவனத்தில் வளர்க்கப் போகிறீர்களோ அதே தீவனத்தில் வைத்துத்தான் தேர்வு செய்ய வேண்டும். ஊட்டமாகப் போட்டு எடை பார்த்துச் சேவலைப் பொறுக்கிவிட்டு, அதன் பிள்ளைகளைத் தவிட்டில் விட்டால் தேர்வு வீண்.

காலில் வளையமோ நூலோ கட்டி, எந்தப் பெட்டையின் குஞ்சு என்று தெரியும்படி வையுங்கள். 8-வது வாரமும் 12-வது வாரமும் எடை போட்டு எழுதுங்கள். வளையம் கட்டிய சேவல்களை இரண்டு மூன்று நாள் தனித்தனியாக அடைத்து எச்சத்தைப் பாருங்கள். இறுகிய எச்சம், மேலே வெள்ளைப் படிவு இருந்தால் நல்லது. தினமும் இளகியும், உடைந்த தானியம் அப்படியே தெரிந்தும் வந்தால் அந்தச் சேவலை விதைக்கு வைக்காதீர்கள். பெட்டைக்கு எடையைவிட முட்டையும் குஞ்சு காக்கும் குணமும் முக்கியம். பத்துப் பெட்டைக்கு ஒரு சேவல். மகளோடு தகப்பன் சேராமல் இருக்க ஆண்டுக்கு ஒருமுறை சேவலை மாற்றுங்கள். பக்கத்து ஊரில் உங்களைப் போலவே தீவனம் போடுகிறவரிடம் மாற்றிக்கொள்வது உத்தமம்.

அரைவைப்பையை உயிருள்ள கோழியில் எடை போட முடியாது. ஆனால், அதன் அண்ணன் தம்பியில் போடலாம். ஒரே தாய் தகப்பனின் பிள்ளைகளுக்குச் சராசரியாகப் பாதி மரபணு பொதுவானது. நம் பக்கம் சுடலைமாடன் கோயில் கொடைக்கு ஒரே நாளில் பல சேவல் அறுபடுகிறது. உங்கள் கூட்டத்தில், ஒரே வயதில், ஒரே தீவனத்தில் வளர்ந்த சேவல்கள் என்றால் அரைவைப்பையைச் சுத்தம் செய்து சமையல் தராசில் வையுங்கள். 1,400 கிராம் சேவலுக்கு 35 கிராம் என்றால் உயிர் எடையில் இரண்டரை சதவிகிதம். எந்தத் தாயின் பிள்ளைகளில் இந்த விகிதமும் நன்றாக இருந்து, 12 வார எடையும் குறையாமல் இருக்கிறதோ, அந்தத் தாயின் மிச்சமுள்ள சேவலை விதைக்கு வையுங்கள். மேய்ச்சலில் வளர்ந்ததையும் கொட்டகையில் வளர்ந்ததையும் ஒப்பிடாதீர்கள். மேய்ந்த கோழிக்கு அரைவைப்பை எப்படியும் பெரிதாகத்தான் இருக்கும். ஐந்தாறு சேவலை வைத்து முடிவுக்கு வர வேண்டாம். இரண்டு மூன்று கொடை பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.

இந்தக் குறிப்பேட்டை எடுத்துக்கொண்டு இராமையன்பட்டியில் உள்ள அரசு கால்நடை மருத்துவக் கல்லூரிக்குப் போங்கள். திருநெல்வேலி, தென்காசி, தூத்துக்குடிக்காரர்களுக்கு அதுதான் பக்கம். 'என் கோழி எடை ஏறவில்லை' என்று வெறுங்கையோடு போனால் பொதுவான பதில்தான் கிடைக்கும். எந்தத் தாய், எந்தத் தீவனம், எத்தனை வாரம், எத்தனை கிராம் என்று எழுதிக் கொண்டுபோனால் பேச்சே வேறு மாதிரி இருக்கும். மானியத்தில் குஞ்சு வாங்கியவர்கள் முதல் நாளிலிருந்தே எழுத ஆரம்பியுங்கள். அந்தக் குஞ்சுகளின் தாய் தகப்பன் தெரியாது என்பதால் தீவனக் கணக்காவது கையில் இருக்கட்டும்.